பப்பாளி வரை: அத்தைக்காகச் செய்த தமிழ் பிரெயில் கீபோர்டு

போன வியாழக்கிழமை ராத்திரி 9:40க்கு அத்தையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே வரிதான்: "நாளை வரும்போது ஒரு பப்பாளி வாங்கி வா, நன்றாகப் பழுத்ததாகப் பார்." பிழை ஒன்றும் இல்லை. யாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லாமல், போனிடம் பேசிப் பதியாமல், அத்தை தன் விரல்களால் எழுதி அனுப்பிய முதல் மின்னஞ்சல் அது. அதில் 'பப்பாளி' என்ற சொல் ஒழுங்காக வருவதற்கு மட்டும் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஜூன் கடைசியில் தொடங்கிய வேலை அக்டோபரில் முடிந்திருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

அத்தைக்கு 71 வயது. நாலு வயதில் பார்வை போய்விட்டது. தமிழ்நாட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். பிரெயில் சிலேட்டும் ஸ்டைலஸும் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அவர் குத்தி எழுதுவதை எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். போனில் பேசினால் எழுத்தாக மாறும் வசதியைக் காட்டினேன். ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு விட்டுவிட்டார். "சொல்றது வேற, எழுதறது வேறடா. எழுதறப்ப கை யோசிக்கணும்" என்றார்.

ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கில் 2020-ல் வந்த பிரெயில் கீபோர்டையும் பார்த்தோம். திரையில் ஆறு இடங்களைத் தொட்டு எழுதுவது. யோசனை நல்லதுதான். ஆனால் கண்ணாடியில் விரலை வைத்தால் விசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்கு எதுவும் சொல்லாது. அத்தை விரல்களை ஊன்றி வைத்துக்கொண்டு யோசிப்பவர். கண்ணாடியில் ஊன்றினால் எழுத்து விழுந்துவிடுகிறது. ஆக, நிஜமான விசைகள் வேண்டும்.

பிரெயிலில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளில் சிலவற்றின் சேர்க்கை. அதை ஆறு விசையில் எழுதுவது பழைய விஷயம். ஃபிராங்க் ஹால் என்ற அமெரிக்கர் 1892-லேயே அப்படி ஒரு இயந்திரம் செய்தார். அத்தை விடுதியில் பழகிய பெர்கின்ஸ் பிரெயிலர் 1951-ல் வந்தது. அதை வடிவமைத்த டேவிட் ஆபிரகாம், அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்தவர். இடது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு 1, 2, 3 புள்ளிகள். வலது கைக்கு 4, 5, 6. ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளை எல்லாம் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும்.

முதலில் செலவே இல்லாத வழியைப் பார்த்தேன். என் பழைய லேப்டாப்பில் என்விடிஏ போட்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான் அது, கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும். 2006-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. சாதாரணக் கீபோர்டின் எஃப், டி, எஸ், ஜே, கே, எல் விசைகளைப் பிரெயில் விசைகளாக மாற்றும் துணைநிரல் அதற்கு உண்டு. அதை நிறுவி அத்தையிடம் கொடுத்தேன். 'அ', 'க', 'ச' எல்லாம் வந்தன. 'ட' வரவில்லை. 'ழ' சில நேரம் 'வ' ஆனது.

அத்தை தன் விரல் மேல் சந்தேகப்பட்டார். ஒரு நாள் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நானே அழுத்திப் பார்த்தேன். எனக்கும் அதேதான். மலிவான கீபோர்டுகளில் விசைகளைக் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் இணைத்திருப்பார்கள். மூன்று, நாலு விசைகளைச் சேர்ந்தாற்போல அழுத்தினால் சில சேர்க்கைகளை அதனால் பிரித்தறிய முடியாது. 'ட' 2, 3, 4, 5, 6 என ஐந்து புள்ளி. 'ழ' 1, 2, 3, 5, 6. 'ழ'வில் ஐந்தாம் புள்ளி விட்டுப்போனால் அது 'வ'. குற்றம் விரலில் இல்லை, பலகையில். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். ஒரு நாள் அவரைத் தன் கையையே சந்தேகப்பட விட்டேனே என்று இன்னும் வருத்தம் இருக்கிறது.

சனிக்கிழமை மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சைத் தடம் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். ப்ரோ மைக்ரோ என்ற, நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன எலெக்ட்ரானிக் போர்டு ஒன்று 480 ரூபாய். அதில் உள்ள சிப் யூஎஸ்பி கீபோர்டாகத் தானே நடந்துகொள்ளும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். விசைகளை இணைக்கக்கூடிய கால்கள் பதினெட்டு இருக்கின்றன, எனக்கு வேண்டியது ஒன்பது விசை: ஆறு புள்ளி, இடைவெளி, அழிப்பு, அடுத்த வரி. ஒவ்வொரு விசைக்கும் தனி ஒயர், மறுமுனை எல்லாம் கிரவுண்டுக்கு. கம்பி வலையே இல்லாததால் எத்தனை விசை அழுத்தினாலும் குழப்பம் வராது. மெக்கானிக்கல் சுவிட்சில் நீல நிறம் பத்து வாங்கினேன், ஒன்று 22 ரூபாய். "சத்தம் ஜாஸ்தி வரும் சார், ஆபீஸ்ல திட்டுவாங்க" என்று கடைப்பையன் தமிழிலேயே எச்சரித்தான். சத்தம் கேட்டால் அத்தைக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து அதையே எடுத்தேன்.

பெட்டியின் மேல்பலகைக்கு வீட்டில் கிடந்த 4 மிமீ பிளைவுட். 14 மிமீ சதுர ஓட்டைகள், விசைக்கு விசை 19 மிமீ, நேர்க்கோட்டில் ஆறு. இங்கே ஒரு தப்பு. இந்தச் சுவிட்சுகளின் பக்கவாட்டுக் கொக்கி 1.5 மிமீ தகட்டில் மாட்டுவதற்காகச் செய்தது. 4 மிமீ பிளைவுட்டில் அது எதையும் கவ்வாது. க்ளூ கன் வைத்து ஒட்டிவிட்டேன். எட்டே நாளில் மூன்றாம் விசை உள்ளே இறங்கிவிட்டது.

விசைகளை எப்போது படிப்பது என்பதில் அடுத்த தடுமாற்றம். முதல் விசை விழுந்ததிலிருந்து 50 மில்லி செகண்டுக்குள் விழுந்த எல்லாவற்றையும் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள் என்று நிரல் எழுதினேன். என் கைக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. அத்தை எழுதினால் பாதி எழுத்து உடைந்தது. அப்போதுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. ஒவ்வொரு விசை விழும் நேரத்தையும் பதிய விட்டு, அத்தையை இருநூறு எழுத்து எழுதச் சொன்னேன். முதல் விரலுக்கும் கடைசி விரலுக்கும் நடுவில் எனக்கு அதிகபட்சம் 30 மில்லி செகண்டு ஆனது. அத்தைக்கு 120 வரை போனது. சில வருஷம் முன்னால் விழுந்ததில் அவருடைய இடது மோதிர விரல் சரியாக மடங்காது, அதுதான் எப்போதும் கடைசியாக வருகிறது.

சரி, நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், எல்லா விரலும் எழும்பிய பிறகு எழுத்தை முடிவு செய்யலாம் என்று மாற்றினேன். உடைவது நின்றது, ஒட்டிக்கொள்வது தொடங்கியது. அத்தை வேகமாக எழுதும்போது அந்த மோதிர விரல் எழும்புவதற்குள் வலது கை அடுத்த எழுத்தை ஆரம்பித்துவிடும். 'ல'வும் 'ச'வும் சேர்ந்து வேறெதோ ஆகும். கடைசியில் நின்ற முறை இது: முதல் விரல் எழும்பிய கணத்தில் எழுத்தை முடித்துவிட வேண்டும். இன்னும் கீழே இருக்கும் விரல்களைக் கண்டுகொள்ளக் கூடாது. புதிதாக ஒரு விசை விழுந்தால் மட்டும் அடுத்த எழுத்து தொடங்கும். இதை எழுத ஆறேழு வரி நிரல் போதும். கண்டுபிடிக்கத்தான் பன்னிரண்டு நாள்.

இனி தமிழ். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். அட்டவணையைப் பார்த்து எழுத்துகளை ஏற்றினேன். 'த' என்றால் 2345, 'ம' 134, 'இ' 24, 'ழ' 12356. மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் அது உயிர்மெய். ஒரு ராத்திரியில் முடித்துவிட்டு, காலையில் அத்தையை 'தமிழ்' என்று எழுதச் சொன்னேன்.

என்விடிஏ 'தமீ'க்கும் 'தம்'முக்கும் நடுவில் எதையோ சொன்னது. திரையில் பார்த்தால் புள்ளி 'மி'யின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது.

"புள்ளிய எப்ப போட்ட?" என்று அத்தை கேட்டார்.

"நீங்க அடிச்ச உடனேதான் அத்தை."

"அதான் தப்பு. நாங்க புள்ளிய முன்னாடி போடுவோம்."

அட்டவணையைப் பார்த்த நான் வரிசையைப் பார்க்கவில்லை. பிரெயிலில் மெய்யின் புள்ளி நான்காம் புள்ளி. அது மெய்யெழுத்துக்கு முன்னால் வரும். 'தமிழ்' என்பது த, ம, இ, நான்காம் புள்ளி, ழ. கணினிக்குள் யூனிகோடில் முதலில் ழ, அதன் பின்னால் புள்ளி. ஆகவே நான்காம் புள்ளி வந்தால் எதையும் அனுப்பாமல் வைத்திருந்து, அடுத்த மெய் வந்ததும் மெய்யையும் புள்ளியையும் இடம் மாற்றி அனுப்ப வேண்டும்.

அன்று பேச்சு வேறு பக்கம் போனது. 'கொடி' எழுதினார். பிரெயிலில் க, ஒ, ட, இ. நாங்கள் அச்சில் 'கொ'வை எப்படி எழுதுகிறோம் என்று கேட்டார். ஒற்றைக்கொம்பு, கால் என்ற பெயர்கள் அவருக்குத் தெரியும், முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவை எங்கே நிற்கும் என்பது தெரியாது. எம்-சீலை மெல்லிய திரியாக உருட்டி, ஒரு காலண்டர் அட்டையில் 'கொ' எழுதி உலரவைத்துக் கொடுத்தேன். வலது ஆள்காட்டி விரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினார். கொம்பின் சுழியில் விரல் இரண்டு தடவை சுற்றி வந்தது. 'க'வின் மேல் நின்றது. கால் வரை போய்த் திரும்பிக் கொம்புக்கே வந்தது. "கொம்பு முன்னாடியா நிக்குது? சத்தம் பின்னாடிதானே வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்குப் புள்ளி முன்னாடி, உங்களுக்குக் கொம்பு முன்னாடி" என்றார். அந்த அட்டை இப்போது அவருடைய மேசையில் இருக்கிறது. மீதி உயிர்மெய் வரிசையையும் செய்து தரச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பப்பாளி. யூஎஸ்பி கீபோர்டு எழுத்துகளை அனுப்பாது, விசை எண்களைத்தான் அனுப்பும். நேரடியாகத் தமிழ் எழுத்தை அனுப்ப வழியில்லை. அதனால் கணினியில் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தமிழ்99 விசை அமைப்பில் வைத்துவிட்டு, போர்டு அதற்குரிய விசைகளைத் தட்டும்படி செய்தேன். 'ப'வுக்கு ஜே, புள்ளிக்கு எஃப், இப்படி. எல்லாம் நன்றாக ஓடியது. சந்தைப் பட்டியல் எழுதிப் பார்க்கலாம் என்று அத்தை வெங்காயம், தக்காளி, வாழைப்பழம் எல்லாம் எழுதிவிட்டுப் பப்பாளிக்கு வந்தார். என்விடிஏ திக்கித் திணறியது. திரையில் 'ப்ப்பாளி'.

தமிழ்99-ல் ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கண் பார்த்து அடிக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். இங்கே போர்டு அனுப்பியது ப, ப, புள்ளி, ப, ஆ. முதல் இரண்டு 'ப'வும் சேர்ந்ததால் கேட்காமலே ஒரு புள்ளி விழுந்துவிட்டது. 'ததும்பு', 'சசி' எல்லாம் இதே வகை. 'வாழைப்பழம்' தப்பித்தது, ஏனென்றால் அதில் 'ப்'புக்கு முன்னால் 'ழை' இருக்கிறது. முதலில் தானியங்கிப் புள்ளியை நிறுத்த அமைப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடி நாலைந்து நாளை வீணாக்கினேன். விடை தமிழ்99 விதியிலேயே இருந்தது: இரண்டு மெய்க்கும் நடுவில் 'அ' விசையைத் தட்டினால் புள்ளி விழாது. அகர உயிர்மெய்க்குப் பின்னால் இன்னொரு மெய் வந்தால் நடுவில் ஓர் 'அ' தட்டு என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். பப்பாளி பழுத்தது.

அழிப்பு விசை இதைவிடச் சிக்கல். 'ப்' எழுதிவிட்டு ஒருமுறை அழித்தால் கணினி புள்ளியை மட்டும் அழிக்கும், 'ப' நிற்கும். அத்தையின் மனசில் கடைசியாக எழுதியது 'ப', அதற்கு முன்னால் புள்ளி. அவருக்கு 'ப' போய்ப் புள்ளி காத்திருக்க வேண்டும். கடைசி 32 எழுத்துகளைப் போர்டு ஞாபகம் வைத்துக்கொண்டு, புள்ளி வைத்த மெய்யை அழித்தால் இரண்டு அழிப்பு அனுப்பிவிட்டு, புள்ளியைக் காத்திருக்கும் நிலைக்குத் திருப்பும்படி செய்தேன். அம்பு விசையால் வேறிடத்துக்குப் போய்விட்டால் இந்த ஞாபகம் பயன்படாது, அங்கே சாதாரண அழிப்புதான். இந்தக் குறை இன்னும் இருக்கிறது.

அழிப்பு விசையின் இடத்திலும் நான் தவறினேன். எனக்குத் தோன்றியபடி இடது ஓரத்தில் அழிப்பும் வலது ஓரத்தில் அடுத்த வரியும் வைத்திருந்தேன். பெர்கின்ஸில் நேர்மாறு: பின்னால் போகும் விசை வலது ஓரம், வரி மாற்றும் விசை இடது ஓரம். அத்தை அதைத் தொட்டு ஐம்பது வருஷம் இருக்கும், ஆனால் கை மறக்கவில்லை. அழிக்க நினைக்கும்போதெல்லாம் புதிய வரி போய்க்கொண்டிருந்தது. ஒயரை மாற்றி சால்டர் வைக்கப் பத்து நிமிஷம்.

ஆகஸ்டில் எல்லாம் நின்றது. கேபிளைக் கழற்றும்போது போர்டிலிருந்த மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட், அடியிலிருந்த தாமிரப் பட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அந்தப் போர்டின் பலவீனமான இடமே அதுதான் என்று பிறகு பலரும் சொன்னார்கள். பார்க்காமல் தடவிக் கழற்றுகிறவருக்கு எது எந்தப் பக்கம் இழுபடும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திரும்ப எஸ்.பி. ரோடு. டைப்-சி சாக்கெட் உள்ள போர்டு 520 ரூபாய். இந்தத் தடவை கேபிளைக் கழற்றவே தேவையில்லாமல், பெட்டிக்குள் ஒரு முடிச்சுப் போட்டு, கிளிப் வைத்து இறுக்கி, நிரந்தரமாக வெளியே விட்டேன். டைப்-சி என்பதால் எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரி. லேப்டாப் பக்கம்தான் இன்னும் அந்தச் சௌகரியம் இல்லை. அந்த முனையின் மேல்பக்கத்தில் எம்-சீல் சொட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.

எப்படியும் திறந்தாகிவிட்டது, பெட்டியையே புதிதாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். இந்தமுறை என் கையை அளக்கவில்லை. ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை மேசையில் விரித்து, தட்டில் அரிசி மாவைப் பரப்பி, அத்தையை விரல்நுனிகளை மாவில் தொட்டு, எழுதுவது போலவே இயல்பாகப் பேப்பரில் வைக்கச் சொன்னேன். கையை ஒவ்வொரு தடவையும் மடிக்கு எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஐந்து தடவை, ஐந்து பேப்பர். ஆறு வெள்ளை வட்டங்கள், கைரேகை உட்பட. வெர்னியரை வைத்து நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து சராசரி எடுத்தேன். ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் 21 மிமீ. நடுவிரல் 9 மிமீ முன்னே. வலது மோதிர விரல் ஆள்காட்டியைவிட 4 மிமீ முன்னே, இடது மோதிர விரல் 3 மிமீ பின்னே. இரண்டு ஆள்காட்டிகளுக்கும் நடுவில் 96 மிமீ. நேர்க்கோட்டில் 19 மிமீ இடைவெளியில் நான் வைத்திருந்த ஆறு விசைக்கும் இந்தக் கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்தனை நாளாக அத்தை தன் விரல்களைக் குறுக்கி வைத்து எழுதியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேல்தகடு 1.5 மிமீ அலுமினியம், பேப்ரிகேஷன் கடையில் துண்டு 200 ரூபாய். மாவுப் பேப்பரில் ஒன்றையே மேலே ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்து, 12 மிமீ டிரில் போட்டு, தட்டை அரத்தால் 14 மிமீ சதுரமாக ராவினேன். ஓர் ஓட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கடைசி அரை மில்லிமீட்டரில் சுவிட்சைச் செருகிச் செருகிப் பார்த்துத்தான் ராவ வேண்டும், இல்லையென்றால் கொக்கி தளர்ந்துவிடும். இரண்டு ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அங்கே மட்டும் ஓரத்தில் செல்லோ டேப் இரண்டு சுற்று. அலுமினியம் காலையில் சில்லென்று இருப்பதாக அத்தை சொன்னதால் உள்ளங்கை படும் இடத்தில் ரெக்சின் ஒட்டினேன். கீழ்ப்பெட்டி 6 மிமீ பிளைவுட், 60 ரூபாய்த் துண்டு.

சுவிட்சும் மாறியது. நீலச் சுவிட்சில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக 'டிக்' என்கிறது. ஐந்து புள்ளி எழுத்து என்றால் ஐந்து டிக், கொஞ்சம் முன்பின்னாக. "தாளிக்கிற கடுகு மாதிரி இருக்கு. எழுத்து விழுந்துதா இல்லையான்னு தெரியலை" என்றார். பழுப்பு நிறச் சுவிட்ச் போட்டேன், ஒன்று 28 ரூபாய். சத்தம் இல்லை, ஆனால் பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்னத் தடுக்கல் தெரியும். அது போதும் என்கிறார். 1, 4 விசைகளின் மேல் எம்-சீலில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். முதலில் வைத்தது ஒரு மில்லிமீட்டர் உயரம், அது விரலை உறுத்தியது. காகிதத்தில் உள்ள பிரெயில் புள்ளி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான். உப்புத்தாளில் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன்.

மிச்சமிருந்த ஒரே குழப்பம் அந்த நான்காம் புள்ளி. அதை அழுத்தினால் போர்டு எதையும் அனுப்பாமல் காத்திருக்கிறது, திரைவாசிப்பானும் மௌனமாக இருக்கும். விழுந்ததா என்று தெரியாமல் அத்தை திரும்ப அழுத்துவார். பீப் சத்தம் வைத்துப் பார்த்தேன், என்விடிஏ பேச்சோடு மோதியது. காது ஏற்கெனவே வேலையாக இருக்கிறது, சும்மா இருப்பது கட்டைவிரல்தான். இடைவெளி விசைக்கு அடியில், போனில் இருப்பது போன்ற 10 மிமீ அதிர்வு மோட்டார் ஒன்றை வைத்தேன், 45 ரூபாய். போர்டின் கால் நேரடியாக அந்த மின்னோட்டத்தைத் தாங்காது, ஒரு டிரான்சிஸ்டரும் டயோடும் சேர்த்து இன்னும் 10 ரூபாய். 40 மில்லி செகண்டு அதிர்வு கொடுத்தேன், அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் சுற்ற ஆரம்பிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. 90-ல் தெரிந்தது, ஆனால் தகடு முழுக்க ரீங்காரம் போட்டது. மோட்டாரைத் தகட்டிலிருந்து பிரித்து, ஒரு துண்டு ஃபோமில் ஒட்டி இடைவெளி விசையோடு மட்டும் தொடும்படி வைத்த பிறகு சரியானது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இப்போது அத்தை புள்ளி வைத்தால் கட்டைவிரலில் ஒரு துடிப்பு வரும், அதன் பின் மெய் எழுதுவார்.

என்விடிஏவில் எழுத்துக்கு எழுத்து சொல்வதை நிறுத்திவிட்டு, சொல்லுக்குச் சொல் படிக்கும்படி வைத்திருக்கிறோம். அதற்குக் குரல் தரும் இ-ஸ்பீக் மென்பொருளின் தமிழ்க் குரல் கரகரவென்று இருக்கும், அத்தைக்கு அது பழகிவிட்டது. இடைவெளியோடு 1 அழுத்தினால் மேல் வரி, 4 என்றால் கீழ் வரி, 3-ம் 6-ம் முன்பின் எழுத்து. பிரெயிலில் குறிப்பெடுக்கும் நோட்டேக்கர் கருவிகளில் வழக்கமாக இருப்பதையே வைத்தேன், நாளைக்கு வேறு கருவி கைக்கு வந்தாலும் திரும்பக் கற்க வேண்டியதில்லை.

செலவு: டைப்-சி போர்டு 520, பழுப்புச் சுவிட்ச் பத்து 280, மேல்மூடிகள் 150, பிளைவுட் 60, அலுமினியம் 200, கேபிள் 120, ரப்பர் கால்கள் 40, திருகுகள் 30, மோட்டார் வகையறா 55. மொத்தம் 1,455 ரூபாய். உடைந்த போர்டும் நீலச் சுவிட்சுகளுமாக வீண் போனது 700. எம்-சீல், சால்டர், ரெக்சின் எல்லாம் வீட்டில் இருந்தவை.

எழுதுவதோடு விரலால் படிக்கவும் வேண்டும் என்றால் அது வேறு உலகம். பிரெயிலில் ஓர் எழுத்தின் கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி 2.5 மிமீதான் இடைவெளி. புள்ளியை மேலே தள்ள நான் வாங்கிப் பார்த்த மிகச் சின்ன சோலினாய்டே (மின்காந்தத்தால் கம்பியைத் தள்ளும் கருவி) 6 மிமீ தடிமன். கடைகளில் விற்கும் பிரெயில் திரைகளில் பெரும்பாலும் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ பட்டைகள், அவற்றுக்கு 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். அதை அத்தையின் விரலுக்குக் கீழே வீட்டில் செய்து வைக்க எனக்குத் துணிவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அதை நிறுத்திவிட்டேன். ஆர்பிட் ரீடர் 20 என்ற பிரெயில் திரைக் கருவி மாதிரி ஒன்றைக் காசு சேர்த்து வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம்.

அடுத்த கீபோர்டில் மாற்ற வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. மாவில் கையை அளப்பதுதான் முதல் வேலை, கடைக்குப் போவது அதற்கப்புறம். மூன்றாம் விசைக்கு மட்டும் எடை குறைந்த சுவிட்ச். தகட்டைக் கையால் ராவாமல் லேசரில் வெட்டிக்கொள்ளலாம், தோள்வலி மிச்சம். தமிழ்99 வழியாகச் சுற்றிப் போகாமல் என்விடிஏவுக்கே ஒரு துணைநிரல் எழுதினால் அழிப்பு விசையின் குறையும் தீரும். பைத்தான் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும், கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்த அடுத்த கீபோர்டு யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. அத்தையோடு விடுதியில் படித்த தோழி ஒருவர் ஃபிரேசர் டவுனில் இருக்கிறார். பப்பாளிக்கு அடுத்த மின்னஞ்சல் அவருக்குத்தான் போயிருக்கிறது, ஒரு பக்கத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். சார்ட் பேப்பர் ஐந்து வாங்கி வைத்துவிட்டேன். அரிசி மாவைத் தானே சலித்து வைப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார்.